ஹோல்டன் வாசல்களை மூடியது சரியா? ('லெவியாதன் ஃபால்ஸ்' முடிவு பற்றி)

கடலோடி:
'தி எக்ஸ்பான்ஸ்' அறிவியல் புனைகதை வரிசையின் ஒன்பதாவது, கடைசி நாவலை நேற்று இரவு முடித்தேன். 2011-இல் தொடங்கி 2021 நவம்பரில் முடிந்த வரிசை. முடிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. கதை நாயகன் ஹோல்டன், வேற்றுலகப் பொருளான புரோட்டோமாலிக்யூலைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, வாசல்களுக்கு நடுவே இருக்கும் வளைய நிலையத்துக்குள் போகிறான். 1,300-க்கும் மேற்பட்ட சூரியக் குடும்பங்களை இணைத்திருந்த வாசல்களை ஒரேயடியாக மூடிவிடுகிறான். அந்தக் குடியேற்றங்களில் பலவும் மருந்துக்கும் உதிரிப்பாகத்துக்கும் வெளியிலிருந்து வரும் கப்பலையே நம்பி இருந்தவை. அந்த மக்களை யார் கேட்டார்கள்? முதல் நாவலில் தான் வேலை பார்த்த கேன்டர்பரி கப்பல் அழிந்ததும், தனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் ஒலிபரப்பியவன் இவன். அதனால் சிறுகோள் பட்டைக்கும் செவ்வாய்க்கும் மோதலே வெடித்தது. அப்போதும் 'உண்மை எல்லோர் கையிலும் இருக்கட்டும்' என்றுதான் நின்றான். கடைசியில் எல்லோருக்காகவும் தனியாக முடிவெடுக்கிறான்.

செவ்வாய்க்காரி:
வேறு வழி என்ன இருந்தது? ஒவ்வொரு கப்பல் வாசலைக் கடக்கும்போதும் மறுபக்கத்தில் இருக்கும், நமக்குப் புரியாத உயிர்களுக்கு அடி விழுகிறது. அவை திருப்பி அடிக்கின்றன. சான் எஸ்டெபன் என்ற சூரியக் குடும்பத்தில் ஒரு ஆள் மிச்சமில்லாமல் செத்துப்போனதைப் படித்தீர்கள்தானே? அதற்கு லக்கோனியப் பேரரசின் தலைவன் டுவார்ட்டே கண்டுபிடித்த மருந்து என்ன? மனித மனங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கிச் சேர்த்துவிடுவது. உடம்புகள் பிழைக்கும், ஆட்கள் இருக்கமாட்டார்கள்.

லக்கோனியப் படை அதிகாரி டனாகாவின் அத்தியாயங்களை இன்னொரு முறை படியுங்கள். கொடூரமானவள்தான், எனக்கு அவளைத் துளியும் பிடிக்காது. ஆனால் வேறு யாருடைய நினைவோ தன் தலைக்குள் கசியும்போது அவள் படும் அருவருப்பு இருக்கிறதே, அங்கேதான் டுவார்ட்டேயின் திட்டம் எதைப் பறிக்கிறது என்று எனக்கு உறைத்தது. வாசல் மூடினால் சிலர் சாகலாம். மூடாவிட்டால் எல்லோரும் சாக வேண்டும், அல்லது யாருமே தானாக இருக்க முடியாது.

பின்னிரவு:
இரண்டு பேரும் டிரெஸ்டனை மறந்துவிட்டீர்கள், புரோட்டோமாலிக்யூலை மனிதர்கள் மேல் சோதித்துப் பார்த்தவனை. முதல் நாவலில் தோத் நிலையத்தில் துப்பறிவாளன் மில்லர் அவனைச் சுட்டுக் கொல்கிறான். ஏன்? டிரெஸ்டன் பேசப் பேச, கேட்பவர்களுக்கு அது நியாயமாகவே பட ஆரம்பித்தது. விசாரணைக்கு நிறுத்தாமல் கொன்றதற்காக ஹோல்டன் மில்லரைத் தன் கப்பலிலேயே ஏற்ற மறுத்தான். இப்போது ஒன்பதாவது நாவலைப் பாருங்கள். ஹோல்டன் உள்ளே போகும்போது கூட வருவது எப்போதோ செத்துப்போன மில்லரின் உருவம். எதிரே நிற்கும் டுவார்ட்டே சொல்வதும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முதல் நாவலில் மில்லரைத் துரத்தியவன் இப்போது மில்லரைப் போலவே யாரையும் கேட்காமல் தானே முடிவெடுக்கிறான். அதனால் இதை ஹோல்டனின் குணத்துக்கு முரண் என்று நான் எடுக்கவில்லை. ஆசிரியர்கள் டேனியல் ஆபிரகாமும் டை ஃபிராங்கும் முதல் நாவலில் போட்ட முடிச்சு இது.

கடலோடி:
டிரெஸ்டன் விஷயத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிச்சு அழகாக அவிழ்ந்ததால் செய்தது நியாயமாகிவிடுமா? மில்லர் கொன்றது ஒருவனை. இங்கே துண்டிக்கப்படுவது கோடிக்கணக்கான பேர்.

எட்டாவது நாவலில் டுவார்ட்டேயின் குண்டுச் சோதனையால் டெகோமா என்ற சூரியக் குடும்பத்தின் நியூட்ரான் நட்சத்திரம் கருந்துளையாகச் சுருங்கிக் கதிர்வீச்சைக் கக்கியபோது, எதிரே இருந்த ஒரு வாசலும் சேர்ந்து அழிந்தது. அந்த வாசலுக்கு அப்பால் இருந்த சூரியக் குடும்பத்துக்குப் பெயர் தஞ்சாவூர். அந்தப் பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கதை காட்டுவதே இல்லை. கடைசி நாவலில் ஒவ்வொரு உலகமும் ஒரு தஞ்சாவூர் ஆகிறது.

மூன்றாம்படி:
எனக்கு வேறு வருத்தம். போர்க்கப்பல் கதை என்றுதான் நான் இந்த வரிசைக்குள் வந்தேன். எட்டாவதில் ஹோல்டனின் கூட்டாளி பாபி தன் உயிரைக் கொடுத்து லக்கோனியாவின் 'டெம்பெஸ்ட்' கப்பலை அழித்தாள், அந்த நாவலோடு போர் பகுதி முடிந்துவிட்டது. ஒன்பதாவதில் துரத்தல் இருக்கிறது, அது நன்றாகவும் இருக்கிறது. ஆனால் கடற்படைகள் நேருக்கு நேர் மோதும் ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்து ஏமாந்தேன்.

செவ்வாய்க்காரி:
மூன்றாம்படி, எதிரி குண்டு படாத இடத்தில் இருக்கும்போது கடற்படை என்ன செய்யும்? லக்கோனியாவின் மகா கப்பல்களும் அதன் முன்னால் பயனற்றுப் போவதுதான் கதை.

கடலோடி, தஞ்சாவூரைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் டெகோமாவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தஞ்சாவூருக்கு ஒரு நொடி எச்சரிக்கை இல்லை. இங்கே வாசல்களுக்கு நடுவே உள்ள வளைய வெளியில் இருந்த கப்பல்களுக்காவது எந்தப் பக்கம் வாழ்வது என்று தேர்ந்தெடுக்க அவகாசம் கிடைத்தது. ஹோல்டனின் கப்பலோட்டி அலெக்ஸ் அந்த அவகாசத்தில்தான் அவர்களுடைய ரோசினான்டே கப்பலை எடுத்துக்கொண்டு நியூவெஸ்டாடில் இருக்கும் மகனிடம் போகிறான். இனி ஹோல்டனின் துணைவி நவோமியைப் பார்க்கவே முடியாது என்று தெரிந்துதான் போகிறான். அந்தப் பக்கங்களில் எனக்கு எழுத்தே தெரியவில்லை, கண்ணீர்.

கடலோடி:
அந்தப் பிரிவு எனக்கும் அப்படித்தான். ஆனால் அலெக்ஸிடம் கப்பல் இருந்தது. தரையில் இருந்தவனுக்கு அவகாசமும் இல்லை, தேர்வும் இல்லை.

பின்னிரவு:
அதை ஆசிரியர்களும் விட்டுவிடவில்லை. 2022-இல் வந்த 'தி சின்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' குறுநாவலைப் படியுங்கள். நவோமியின் மகன் ஃபிலிப், துண்டிக்கப்பட்ட ஒரு சின்னக் குடியேற்றத்தில் மாட்டிக்கொண்டு இருப்பான். நீங்கள் கேட்கும் தரைக்காரன் அவன்தான்.

கடலோடி:
படிக்கவில்லை, இன்றைக்கே ஆரம்பிக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைசி நாவலின் பின்னுரையில் ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு கப்பல் பூமியைத் தேடி வருகிறது, இன்னும் சாகாமல் இருக்கும் ஹோல்டனின் கூட்டாளி ஏமஸ் நின்று வரவேற்கிறான். எல்லோரும் அதை நம்பிக்கை தரும் காட்சி என்கிறார்கள். நான் அந்தப் பக்கத்தில் தேடியது தஞ்சாவூரின் பெயரை.