பழைய கிரிக்கெட் போட்டோ, ஸ்கோர் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட் லைன் (தொழிலாளர் குடியிருப்பு) கிரிக்கெட் டீமின் கதையை எழுதி வைக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீயில் (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலைக்குச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் ஆரம்பித்த டீம் இது.

கையில் இருப்பது ஒரே ஒரு ஸ்கோர் புத்தகம். மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடித்து, பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கிடக்கின்றன. பிரிந்த ஒரு பக்கத்தில் எட்டாவது ஓவரோடு கணக்கு நின்று, கீழே பென்சிலில் 'மிஸ்ட்' (மூடுபனி) என்று மட்டும் இருக்கிறது. (நம்ம ஊரில் அம்பயரை விட அதற்குத்தானே அதிகாரம்!)

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, ஊட்டி ஹெச்.பி.எஃப். (ஃபிலிம் ஃபேக்டரி) பக்கம் அந்தக் காலத்தில் மேட் விரித்து ஆடிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், தேயிலைக் காட்டுக்கு நடுவே மைதானம் வைத்திருந்த டீமை நினைவிருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். டீம் போட்டோ இருந்தால் ரொம்ப நல்லது. கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம், நானே வந்து படம் எடுத்துக்கொள்கிறேன். நிற்பவர்களின் பெயர் தெரிந்தால் போதும், ரன் கணக்கெல்லாம் அப்புறம்.

இன்னொன்று: ஒட்டிய பக்கங்களைக் கிழியாமல் பிரிக்கத் தெரிந்த நூலகக்காரர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?