கார்சியா: நீங்கள் சந்தித்த கார்சியாக்களைப் பற்றிச் சொல்லுங்கள்

மாட்ரிட் வாசி:
ஸ்பெயினில் ஒரு கூட்டத்துக்கு நடுவே நின்று ‘கார்சியா!’ என்று குரல் கொடுத்தால், நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்நாட்டுத் தேசியப் புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்குப்படி, இதை முதல் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அடுத்து வரும் ரொட்ரிகெஸ், கொன்சாலெஸ், ஃபெர்னாண்டெஸ் மூன்றும் தலா 9 லட்சத்தை ஒட்டித்தான் நிற்கின்றன.

நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் உள்ள அழைப்புமணிப் பலகையைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். நான்கு வீட்டுக்காரர்கள் கார்சியா. இடம் போதாததால் ஒருவர் ஜி எழுத்தைப் போட்டு, அதன் தோளில் குட்டி ஏ ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறார். இங்கே கார்சியாவுக்கு அதுதான் சுருக்கம். ஆனால் பின்னால் வரும் அம்மா வழிப் பெயரை அவர்களில் யாரும் சுருக்கவில்லை. சுருக்கினால் பார்சல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள்: வழக்கமாக முன்னால் அப்பாவுடையது, பின்னால் அம்மாவுடையது. திருமணமானாலும் பெண்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. கார்சியாக்களைப் பொறுத்தவரை ஆளை அடையாளம் காட்டும் வேலையெல்லாம் அந்த இரண்டாவது பெயருக்குத்தான்.

உங்களுக்குத் தெரிந்த கார்சியாக்கள் எப்படிப்பட்டவர்கள்? எழுதுங்கள்.

நூலக ஊழியர், சென்னை:
கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸை நம் சிற்றிதழ்கள் ‘மார்க்வெஸ்’ என்றே எழுதிப் பழக்கிவிட்டன. விளைவு, எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் அவருடைய நூல்கள் சில ‘க’ வரிசையிலும் சில ‘ம’ வரிசையிலும் கிடந்தன. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், “அப்பாவைத் துரத்திவிட்டு அம்மாவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்களே!” என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தந்தை காப்ரியேல் எலிகியோ கார்சியா, தாய் லூயிசா சாந்தியாகா மார்க்வெஸ். ஸ்பானிய நூற்பட்டியல் எதிலும் அவர் கார்சியாவின் கீழ்தான் வருவார்.

“அப்படியானால் கவிஞர் லோர்கா?” என்று நான் கேட்டதும் பேராசிரியர் சற்றுத் தணிந்தார். ஃபெதெரிகோ கார்சியா லோர்காவின் தந்தை கார்சியா ரொட்ரிகெஸ், தாய் லோர்கா ரொமேரோ. முறைப்படி அவரும் கார்சியாதான். ஆனாலும் ஸ்பானியர்களே அவரை லோர்கா என்றுதான் சொல்கிறார்கள். முதல் பெயர் ஊரெல்லாம் இருப்பதாகவும் இரண்டாவது அரிதானதாகவும் இருந்தால், பேச்சில் இரண்டாவதே நின்றுவிடுகிறது. ரூயிஸ் பிக்காசோ வெறும் பிக்காசோ ஆனார். பிரதமராக இருந்த ரொட்ரிகெஸ் சபாதேரோ வெறும் சபாதேரோ. மார்க்வெஸோ அதுவே ஏராளமானவர்களின் பெயர். அதனால் அங்கே இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

இப்போது எல்லா நூல்களையும் ‘க’வுக்கு மாற்றிவிட்டோம். வாசகர்கள் இன்னமும் ‘ம’வில்தான் தேடுகிறார்கள்.

தூத்துக்குடிக் கடலோடி:
நான் வேலை பார்த்த சரக்குக் கப்பலில் பாதிப் பேருக்கு மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள். மேல்தள மாலுமிகளுக்குத் தலைவரான பாசன் கார்சியா, சமையல்காரர் கார்சியா, எஞ்சின் அறையில் இன்னொரு கார்சியா. மூவரும் வெவ்வேறு தீவுக்காரர்கள், ஒருவருக்கொருவர் உறவில்லை. முதல் நாள் மெஸ்ஸில் என் பெயரில் ‘பர்னாந்து’ இருப்பதைப் பார்த்த பாசன், உன் தாத்தா ஸ்பானியரா என்று கேட்டார். உங்கள் தாத்தா ஸ்பானியரா என்று நானும் திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டு, எங்களுக்குப் பட்டியலில் வந்தது என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் பட்டியல் நிஜம். 1849 நவம்பரில் பிலிப்பைன்ஸின் ஸ்பானிய கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவெரியா ஓர் ஆணை பிறப்பித்தார். அதற்கு முன் ஞானஸ்நானம் பெற்ற மக்கள் தே லா குரூஸ், தே லோஸ் சாந்தோஸ் என்று மனம்போன பெயரைச் சூடிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு வேறொன்று. வரி வசூலிப்பவருக்குத் தலை சுற்றியது. ஆகவே சுமார் 60 ஆயிரம் பெயர்களை அகர வரிசையில் தொகுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். சில ஊர்களுக்கு ஒரே எழுத்துப் பக்கங்கள் மட்டும் போய்ச் சேர்ந்தன. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் இன்றும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பெயர்கள்தான் கொட்டிக் கிடக்கின்றன என்பார்கள். நான்கு தலைமுறையாக ஒரே பெயரைக் காப்பாற்றி வந்த குடும்பங்கள் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கும் இருந்தது. ஆகவே அங்கே ஒருவர் கார்சியா என்றால் ஸ்பானிய ரத்தம் என்று முடிவுகட்ட முடியாது.

பெயர் வரிசையும் தலைகீழ். ஸ்பெயினில் அம்மா வழிப் பெயர் கடைசியில் வரும், பிலிப்பைன்ஸில் நடுவில். 1957 முதல் 1961 வரை அங்கே அதிபராக இருந்த கார்லோஸ் பி. கார்சியாவின் ‘பி’, பொலெஸ்திகோ என்ற தாய் வழிப் பெயர். ஒரு ஸ்பானியத் துறைமுகத்தில் கப்பலேறி வந்த அதிகாரி, மாலுமிகள் பட்டியலை வைத்துக்கொண்டு ‘சாந்தோஸ்’ என்று சமையல்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது அவருடைய அம்மாவின் பெயர் என்பதால் மனிதர் அசையவே இல்லை. அடுப்பில் அரிசி வேறு கொதித்துக்கொண்டிருந்தது.

என் பர்னாந்துக்கு வருகிறேன். அது ஸ்பெயினிலிருந்து வந்ததில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்க மறையைத் தழுவியபோது போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. எங்கள் ஊர் கோமஸ், லோபஸ் எல்லாம் ‘எஸ்’ எழுத்தில் முடியும். ஸ்பானியக் கோமெஸ், லோபெஸ் ‘இசட்’ எழுத்தில் முடியும். இதை விளக்கியதும் பாசன், “அப்படியானால் நாம் இருவருமே இரவல் பெயர்க்காரர்கள்” என்று எனக்கு ஒரு கோப்பை காபி ஊற்றிக் கொடுத்தார்.

வரலாற்று ஆர்வலர்:
கடலோடி சொன்ன அந்த ‘இசட்’ சமாச்சாரத்துக்கு ஒரு பின்கதை உண்டு. ரொட்ரிகெஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். சான்செஸ் என்றால் சான்சோவின் மகன். கார்சியாவில் அந்த விகுதி இல்லை. அது ஆளின் சொந்தப் பெயராக இருந்து, அப்படியே குடும்பப் பெயராகிவிட்டது. ‘கார்சியாவின் மகன்’ என்பதற்குக் கார்செஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

வட ஸ்பெயினில், ஒரு காலத்தில் தனி அரசாக இருந்த பாம்ப்லோனாவில், அதன் பழைய அரசர்களின் வரிசையை ஒரு வழிகாட்டி எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 905இல் அரசேறிய சான்சோ கார்செஸ். அவர் மகன், 925இலிருந்து 970 வரை ஆண்ட கார்சியா சான்செஸ். அவர் மகன் மறுபடியும் சான்சோ கார்செஸ். அவர் மகன் மறுபடியும் கார்சியா சான்செஸ். உடன் வந்தவர்கள் குழம்பிப்போய்க் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் குழுவிலிருந்த மதுரைக்காரர் மட்டும், “இது நம் இனிஷியல் கணக்குத்தானே? அப்பா பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது, தாத்தா பெயர் பேரனுக்குப் போகிறது” என்றார். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே.

கார்சியா என்ற பெயருக்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. அந்த வட்டாரத்துப் பாஸ்க் மொழியில் கரடியைக் குறிக்கும் ‘ஹார்ட்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் சிலர். இளையவரைக் குறிக்கும் ‘காஸ்தே’ என்பார் சிலர். கரடிக் கதை கேட்பதற்கு நன்றாக இருப்பதால்தான் அதிகம் பரவியிருக்கிறது என்பது என் சந்தேகம்.

டெக்சஸ் ஆசிரியை:
என் வகுப்பில் கார்சியா இல்லாத ஆண்டே கிடையாது. 1990 கணக்கெடுப்பில் அமெரிக்கக் குடும்பப் பெயர்களில் இது 18ஆவது இடத்தில் இருந்தது. 2000இல் 8ஆவது. 2010இல் 6ஆவது, 11 லட்சத்து 66 ஆயிரம் பேர். ஆனால் பள்ளிக் கணினிகளுக்கு இரண்டு குடும்பப் பெயர் என்றால் இன்னும் பிடிபடுவதில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த ‘கார்சியா எர்னாந்தெஸ்’ குடும்பத்தில் அக்கா ஒரு பள்ளியில் எர்னாந்தெஸ் ஆகிவிட்டாள், தம்பி இன்னொரு பள்ளியில் கார்சியா ஆகிவிட்டான். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நிரூபிக்க அந்தத் தாய் பிறப்புச் சான்றிதழ்களோடு அலைந்தார். அதனால்தான் பலர் இங்கே வந்ததும் நடுவில் ஒரு சிறுகோட்டைப் போட்டு இரண்டையும் கட்டிவிடுகிறார்கள்.

மாட்ரிட் வாசி:
எல்லோருக்கும் நன்றி. அழைப்புமணிப் பலகையில் சொன்னேனே, அந்த நால்வரில் ஒருவர் வீட்டில் இப்போது கார்சியா பின்னால் போய்விட்டது. பெற்றோர் சம்மதித்தால் அம்மாவின் பெயரை முன்னால் வைக்கலாம் என்று 1999இலேயே சட்டம் வந்துவிட்டது. 2017 ஜூன் 30 முதல், அப்பா பெயர்தான் முதலில் என்ற பழைய முன்னுரிமையும் போனது. எது முன்னால் என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பில் இன்னொரு கார்சியா எதற்கு என்று இவர்கள் தாயின் அரிய பெயரை முன்னால் வைத்தார்கள். குழந்தையின் அப்பா வழித் தாத்தாவுக்கு அதில் மனத்தாங்கல். இரண்டாவது பிள்ளைக்காவது கார்சியாவை முன்னால் வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். முதல் பிள்ளைக்கு வைத்த வரிசைதான் உடன்பிறந்தவர்களுக்கும் என்று அதே சட்டம் சொல்கிறது.