மறு: ‘சின்யோரே’ என்பதற்குக் ‘குறுநில மன்னர்’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியின் வெரோனா நகரை ஆண்ட கான்கிராந்தே தெல்லா ஸ்காலா பற்றிய உங்கள் மொழிபெயர்ப்புக் கட்டுரையில், நகரைத் தனியாக ஆள்பவரைக் குறிக்கும் ‘சின்யோரே’ என்ற இத்தாலியச் சொல்லுக்குக் ‘குறுநில மன்னர்’ என்று இட்டிருக்கிறீர்கள். படிக்கச் சுகமான சொல்தான். ஆனால் வெரோனாவில் நடந்ததையே அது மறைத்துவிடுகிறது.

அந்தக் குடும்பத்தில் யாரும் முடிசூடி ஆட்சிக்கு வரவில்லை. கான்கிராந்தேயுடைய தந்தையின் உடன்பிறந்தவரான மஸ்தீனோ 1262-ல் ‘மக்கள் படைத்தலைவர்’ என்ற நகரப் பதவிக்கு வந்தார். 1277-ல் அவர் கொலையுண்டதும், அதே பதவி கான்கிராந்தேயின் தந்தை ஆல்பெர்த்தோவுக்கு ஆயுள் முழுவதற்கும் கிடைத்தது. நகரப் பதவி குடும்பச் சொத்தானது இப்படித்தான். 1311-ல் பேரரசர் ஏழாம் ஹென்றி, கான்கிராந்தேயையும் அண்ணன் அல்போயினோவையும் வெரோனாவில் தம் பதிலாளர்களாக நியமித்தார். அவ்வாண்டே அண்ணன் மறைய, இருபது வயதில் தனியாட்சி. 1313-ல் ஹென்றி இறந்த பிறகும் அந்தப் பட்டத்தை அவர் கைவிடவில்லை. 1318-ல் போப் இருபத்திரண்டாம் யோவான் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது அதனால்தான். பிறப்பால் வந்த மன்னருக்கு இந்த வில்லங்கம் ஏது?

என் முன்மொழிவு ‘நகரக்கிழார்’. பழந்தமிழில் கிழார் என்பவர் ஊருக்கு உரியவர். ‘கிழவன்’ என்பதில் உரியவன், மூத்தவன் என்ற இரு பொருளும் உண்டு. ‘சின்யோரே’யும் ‘மூத்தவர்’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. இவ்வளவு பொருத்தம் எளிதில் வாய்க்காது.

கிழார் என்றதும் சங்கப் புலவர்களே நினைவுக்கு வருவார்கள் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். முன்னால் ‘நகர’ நிற்பதால் அந்தக் குழப்பம் நேராது. ஆட்சிமுறையின் பெயரில்தான் உண்மையான சிக்கல்: ‘நகரக்கிழமை’ என்றால் இன்று வாரநாள் என்றே படிப்பார்கள். அங்கே ‘நகரக்கிழார் ஆட்சி’ என்று விரித்தே எழுதலாம்.

1329 ஜூலையில் திரெவீசோ நகரைக் கைப்பற்றிய சில நாட்களில் கான்கிராந்தே இறந்தார். ஆட்சி அண்ணன் மகன்களுக்குப் போனது. அந்தக் கட்டத்துக்கு உங்கள் சொல் நெருங்கி வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே ஆட்சிக்குக் கட்டுரையின் நடுவில் சொல்லை மாற்றுவது சரியாக இருக்காது.

அக்கால இத்தாலிய நகரங்களின் தலைமை அதிகாரியான ‘பொதெஸ்தா’வுக்கு ‘மேயர்’ வேண்டவே வேண்டாம். உள்ளூர்க் கட்சிச் சண்டையில் சிக்காதவர் வேண்டும் என்று வேற்றூரிலிருந்து, ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ, சம்பளம் பேசி வரவழைக்கப்பட்டவர் அவர். நீதிபதிகளையும் எழுத்தர்களையும் தம்முடன் அழைத்துவருவார். பதவிக்காலம் முடிந்ததும் அவருடைய நடவடிக்கைகளை நகரம் விசாரிக்கும். ‘அயல்நடுவர்’ எனலாமா? படை நடத்தும் பொறுப்பும் அவருக்கு இருந்ததால் ‘நடுவர்’ குறுகலாகத் தோன்றினால், ‘அயலாட்சியர்’ என்பதைப் பரிசீலியுங்கள். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது.