பாசிர் பாஞ்சாங் கடற்காற்றை நம்பி ஏர்கான் இல்லாத அறை எடுக்கலாமா?

மேல்மாடி_ஆய்வாளன்:
முனைவர் படிப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு பழைய_பாசிர் அண்ணன் நேற்று ஓர் அறிவுரை எழுதியிருந்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் படிப்பவர்கள், பக்கத்துக் கடலோரப் பகுதியான பாசிர் பாஞ்சாங் பக்கம் ஏர்கான் இல்லாத அறையாகப் பார்க்க வேண்டுமாம், கடற்காற்று போதுமாம், மாதம் ஆயிரம் வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) எல்லாம் முடிந்துவிடுமாம். படித்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். எந்தக் காற்று அண்ணே? சன்னலைத் திறந்தால் முதலில் வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலை, அதைத் தாண்டினால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், அதற்கும் அப்பால்தான் கடல். லாரிச் சத்தம் வரும், காற்று வராது. ராத்திரி இரண்டு மணிக்கு முதுகு மெத்தையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தவன் சொல்கிறேன், ஏர்கான் இல்லாமல் அங்கே தூங்க முடியாது.

பழைய_பாசிர்:
தம்பி, 2011-இல் அங்கே சர்க்கிள் லைன் ரயில் வருவதற்கு முன்னாலேயே அதே சாலையில் குடியிருந்து படித்தவன் நான். 10ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம். ஒரு மின்விசிறி, திறந்த சன்னல், அவ்வளவுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும், விடிகாலையில் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து அடிக்கும் சுமத்ரா காற்று வந்தால் போர்வை தேடுவோம். காற்று இருக்கிறது.

மேல்மாடி_ஆய்வாளன்:
சுமத்ரா காற்று மழையோடு அடிக்கும்போது சன்னலை மூடத்தானே வேண்டும்? மூடிய சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எந்தக் காற்றை வாங்குவது? ஏப்ரல், மே பற்றி ஏன் பேசவில்லை? இரண்டு பருவத்துக்கும் நடுவில் இலை அசையாது. 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி. 1983-க்குப் பிறகு அப்படி ஒரு வெயில் பதிவானதில்லை.

பழைய_பாசிர்:
ஆங் மோ கியோ தீவின் நடுவில் இருக்கிறது. நாம் பேசுவது கடலோரம். வரைபடம் பாருங்கள் தம்பி.

கிளமெண்டி_அக்கா:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 30 காசு. அறை ஏர்கான் மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரத்துக்கு ஆறு யூனிட், ராத்திரிக்கு 1 வெள்ளி 80 காசு, மாதம் 54 வெள்ளி. இதற்கா இவ்வளவு சண்டை? பட்ஜெட்டைத் தின்பது வாடகை, ஏர்கான் இல்லை.

பழைய_பாசிர்:
அக்கா, 54 வெள்ளி உங்களுக்குச் சின்னது. வருஷத்துக்கு 648 வெள்ளி ஆகிறது, அந்தக் காசில் பையன் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். காற்று இலவசம்.

மேல்மாடி_ஆய்வாளன்:
இல்லாத காற்று இலவசமாக இருந்தால் என்ன, விலைக்கு இருந்தால் என்ன! தூக்கமில்லாமல் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போய் பிப்பெட்டைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுகிறவனைப் பேராசிரியர் பார்த்தால் நீங்களா வந்து பதில் சொல்வீர்கள்? என் பக்கத்து மேசைக்காரர் ஏர்கானுக்காகவே ஆய்வுக்கூடத்தில் படுத்துக்கொள்கிறார், நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டு, தலைக்கு ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்து. இதுதான் அண்ணன் சொல்லும் ஆயிரம் வெள்ளி வாழ்க்கை.

தேக்கா_தம்பி:
நாங்களெல்லாம் இங்கேயே பிறந்து வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஏர்கான் இல்லாமல்தான் ஓ லெவல் பள்ளித் தேர்வுக்குப் படித்தோம். வந்து இறங்கிய மறுநாளே உடம்பு வேகிறது என்றால் எப்படி? மதுரையில் வெயில் கிடையாதா?

மேல்மாடி_ஆய்வாளன்:
உங்கள் வீட்டில் வாடகையும் கிடையாது, சன்னலைத் திற, மூடு என்று அதட்டுகிற வீட்டுக்காரரும் கிடையாது. மதுரையை ஏன் இழுக்கிறீர்கள், அங்கே ராத்திரி மொட்டைமாடியில் படுப்போம். இங்கே அடுக்குமாடிப் புளோக் மொட்டைமாடியில் படுக்க விடுவார்களா? போன மாதம் பரோட்டா விலை விஷயத்திலும் இப்படித்தான் நடுவில் குதித்தீர்கள், எனக்கு மறக்கவில்லை.

தேக்கா_தம்பி:
பரோட்டா விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. ஆயர் ராஜா உணவங்காடியில் போய்க் கேளுங்கள்.

கிளமெண்டி_அக்கா:
வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். நானும் அறை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை ஏர்கான் என்று பேசிக்கொண்டுதான் வருகிறார்கள், பிறகு சனிக்கிழமை பகல் முழுக்க ஓடவிட்டு, அதே அறையில் குக்கரில் சாம்பாரும் வைக்கிறார்கள். சுவரில் மஞ்சள் ஏறிவிட்டது, யார் துடைப்பது?

மேல்மாடி_ஆய்வாளன்:
அக்கா, வீட்டுக்காரர் சமையலறையைத் தொடாதே என்றால் பையன் எங்கே சமைப்பான்? தினமும் மூன்று வேளை வெளியே சாப்பிட்டால் ஆயிரம் வெள்ளிக் கணக்கு பாதி மாதத்திலேயே உடைந்துவிடும். அதையும் அண்ணன் எழுதவில்லை.

ஆகஸ்ட்_வரவு:
வணக்கம். நான் ஆகஸ்டில் முதுகலைக்கு வருகிறேன். பஸ், ரயிலுக்கு மாணவர் சலுகை அட்டை கிடைக்குமா? மூன்று மாதத்துக்கு மட்டும் அறை எடுக்கலாமா?

கிளமெண்டி_அக்கா:
சலுகை அட்டை இளங்கலையோடு சரி, முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் கிடையாதும்மா, பெரியவர் கட்டணம்தான். வளாகத்துக்குள் ஓடும் பஸ் இலவசம், அதனால் நடந்து வளாகத்தைத் தொடுகிற தூரத்தில் அறை பார். வீவக வீட்டில் வாடகை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம். மூன்று மாதத்துக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முன்பணம் கொடுக்காதே.

பழைய_பாசிர்:
அக்கா சொல்வது சரி. வளாகத்துக்குப் பக்கம் என்றால் பாசிர் பாஞ்சாங்தான். சன்னல் தெற்குப் பார்த்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், காற்று பிய்த்துக்கொண்டு வரும்.

மேல்மாடி_ஆய்வாளன்:
தெற்குப் பார்த்தால் நெடுஞ்சாலையைப் பார்க்கும் அண்ணே! புதுப் பையனையும் கெடுக்காதீர்கள். தம்பி, அறை பார்க்கப் போகும்போது மத்தியானம் போகாதே, ராத்திரி பத்து மணிக்குப் போ, விசிறியை நிறுத்தச் சொல், அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து பார்.

பழைய_பாசிர்:
ராத்திரி பத்து மணிக்கு எந்த வீட்டுக்காரர் கதவைத் திறப்பார்? நீங்கள் எந்தப் புளோக்கில் இருந்தீர்கள், எத்தனையாவது மாடி, அதை முதலில் சொல்லுங்கள். கீழ் மாடியாகத்தான் இருக்கும்.

மேல்மாடி_ஆய்வாளன்:
என் பெயரைப் படியுங்கள்.