பொருள்: மறு: 'உலோகச் சிறைப்பிடிப்பி' சரியா?

> அணுக்கழிவில் உள்ள உலோகத்தை ஈ.டி.டி.ஏ. (EDTA) என்ற வேதிப்பொருள் இறுகப் பிடித்துக்கொள்கிறது என்றால் நல்லதுதானே? 'சிறைப்பிடிப்பி' என்றே வைத்துவிடலாமே.

வணக்கமுங்க ஐயா,

ஈ.டி.டி.ஏ.வுக்குத் தமிழ்ப் பெயராக 'சிறைப்பிடிப்பி' வேண்டாம். படிப்பவருக்கு நேர் எதிராகப் புரியும்.

அணுக்கழிவில் உள்ள கதிரியக்க உலோகமான கோபால்ட்-60 நேர்மின் அயனியாக இருக்கும்வரை எதிர்மின்சுமை கொண்ட களிமண்ணில் ஒட்டிக் கிடக்கும். அரை ஆயுள் சுமார் 5.27 ஆண்டு, அசையாமல் கிடந்தாலே பெரும்பகுதி அங்கேயே சிதைந்து தீர்ந்துவிடும். கருவிகளைக் கழுவிய ஈ.டி.டி.ஏ.வும் கழிவைக் கொட்டிய அதே குழிக்குள் போனால்தான் வம்பு. அது உலோகத்தை வளைத்துப் பிடித்து, மொத்தத்தையும் எதிர்மின்சுமை உள்ள அணைவாக, அதாவது இரண்டும் இணைந்த சேர்மமாக, ஆக்கிவிடும். அப்புறம் மண்ணுக்குப் பிடி இல்லை, நிலத்தடி நீரோடு போய்விடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் கழிவுக்குழிகளில் கோபால்ட் இப்படி நகர்ந்ததை 1978-இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். சுண்ணாம்பு மண்ணில் வெறும் ஜிங்க் சல்பேட் போட்டால் பெரும்பாலும் மண்ணிலேயே முடங்கும். கடைக்காரர் 'சீலேட்டட் ஜிங்க்' எடுத்துத் தருவார். அதிலும் பெரும்பாலும் இதே ஈ.டி.டி.ஏ.தான். துத்தநாகத்தை வேர்வரை கொண்டுபோகும் குணம், கழிவுக்குழியில் வினையாகிவிடுகிறது.

உலோகத்தை வளைத்துப் பிடிக்கும் இந்தப் பிணைப்பைக் குறிக்கப் பாடநூலின் 'கொடுக்கிணைப்பு' இருக்கட்டும். மண்ணில் நடக்கும் நகர்வுக்குத்தான் தனிச்சொல் தேவை. 'கசிவு' என்றால் குழி ஓட்டை என்று நினைப்பார்கள். போன மடலில் வந்த 'அணைவழிப் பெயர்ச்சி'யைப் பவானிசாகர்க்காரர் படித்தால் வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சா என்று கேட்பார்! உலோகத்தோடு இணையும் ஈ.டி.டி.ஏ. போன்ற பொருளைப் பாடநூல் 'ஈனி' என்கிறது. ஆகவே 'ஈனிவழிப் பெயர்ச்சி' என் பரிந்துரை.

---

> 'ஈனிவழிப் பெயர்ச்சி' என் பரிந்துரை.

ஐயா, எங்கள் ஊரில் ஈனுவது மாடு மட்டுந்தான். ஆனாலும் 'ஈனி' பாடநூலில் ஊன்றிவிட்ட சொல், மாற்ற வேண்டாம்.

ஒரு திருத்தம். ஈ.டி.டி.ஏ.வையே 'பெயர்ப்பி' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. மண்ணில் உள்ள இரும்பு ஈ.டி.டி.ஏ.வைத் தட்டிப் பறித்துக்கொண்டால், விடுபட்ட உலோகம் மறுபடி மண்ணில் ஒட்டவும் கூடும். சிட்ரிக் அமிலமும் உலோகத்தைப் பிடிக்கும். ஆனால் நுண்ணுயிர்கள் அதை எளிதில் தின்றுவிடும். ஈ.டி.டி.ஏ. அவ்வளவு சீக்கிரம் சிதையாது. ஆகவே பெயர் நிகழ்வுக்கு மட்டும், பொருளுக்கு 'ஈனி' போதும்.

சிமெண்டின் காரச் சூழலில் கழிவிலுள்ள பஞ்சும் காகிதமும் சிதைந்து உண்டாகும் ஐசோசாக்கரினிக் அமிலமும் புளுட்டோனியத்தைப் பிடிக்கக்கூடியது. அதையும் இந்தச் சொற்பதிவின் கீழேயே சேர்க்கலாமுங்களா?