சிவப்பு ஆக்சைடு தரையில் ஃபிரிட்ஜை நகர்த்துவது எப்படி?

கேள்வி:
சமையலறையில் பழைய சிவப்பு ஆக்சைடு தரை, ஹாலில் விட்ரிஃபைடு டைல்ஸ். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குல உயரத்தில் நிலைப்படி. டபுள் டோர் ஃபிரிட்ஜையும் டில்டிங் கிரைண்டரையும் ஹாலுக்கு மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜின் பின்பக்கம் சக்கரம் இருக்கிறது, அப்படியே தள்ளிவிடலாமா? இரண்டு பேர் இருக்கிறோம். ஆக்சைடு தரை கீறிவிட்டால் பூசித் தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

பதில் 1:
அப்படியே தள்ளாதீர்கள். தரையைக் கெடுப்பது எடையைவிட, அடியில் மாட்டும் மணல்தான். ஒரே ஒரு துகள் சிக்கினாலும் அதன்மேல் ஃபிரிட்ஜின் எடை ஏறி நீளத்துக்கும் கோடு போட்டுவிடும். ஆக்சைடு நிறம் மேல்பூச்சில் மட்டும்தான் இருக்கிறது, ஆழமாகக் கீறினால் சாம்பல் நிற சிமென்ட் தெரியும். ஆகவே பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஃபிரிட்ஜை ஓர் அடி முன்னால் இழுத்ததும் அது நின்ற இடத்தையும் பெருக்குங்கள். மணலெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

அந்தச் சக்கரங்கள் நேராக மட்டுமே ஓடும். திருப்பினால் உருளாமல் பக்கவாட்டில் தேய்க்கும், வில் மாதிரி விழும் கீறல் அதனால்தான். முன்பக்கத் திருகுகால்களையும் உள்ளே ஏற்றிவிடுங்கள்.

பழைய ஜமுக்காளத்தை நான்காக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஃபிரிட்ஜைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் முன்கால்களுக்கு அடியில் பாதியை நுழைக்கட்டும். பிறகு முன்னால் சாய்த்து மீதியைப் பின்பக்கம்வரை இழுத்துவிடுங்கள். இனி இழுப்பது ஜமுக்காளத்தை, ஃபிரிட்ஜை இல்லை. ஒருவர் குனிந்து விளிம்பை இழுக்க, இன்னொருவர் ஃபிரிட்ஜின் இடுப்பு உயரத்தில் கை வைத்து அணைத்து வந்தால் போதும். மேலே பிடித்துத் தள்ளினால் குப்புறச் சாயும். பிளாஸ்டிக் அரிசிச் சாக்கு வேண்டாம், திருகுகால் அழுத்தினால் கிழிந்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் நிலைப்படிக்கு இரண்டு பேர் போதாது, அந்த ஐந்து நிமிடத்துக்கு மூன்றாவது ஆளைக் கூப்பிடுங்கள். படியின் இருபுறமும் மூன்றடிப் பலகையைச் சரிவாக வைத்து, தரையைத் தொடும் முனைக்குக் கீழே சாக்கு போடுங்கள். இங்கே ஜமுக்காளத்தை உருவிவிட்டு, ஃபிரிட்ஜைப் பின்னால் சாய்த்து, முதுகுப் பக்கம் முன்னே போக, சக்கரத்தை நேராக ஏற்றுங்கள். 45 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது.

ஹாலில் டைல்ஸை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை. சக்கரம் ஒரே புள்ளியில் அழுத்தும்போது அந்த டைல் விரிசல் விடும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றைக் கடந்ததும் அதையே முன்னால் கொண்டுவந்து போட்டு நகருங்கள்.

கிளம்புவதற்கு முன் கண்ணாடித் தட்டுகளை எடுத்துவிடுங்கள், கதவுகளைத் துணிநாடாவால் கட்டுங்கள். கம்ப்ரஸர் மேலே உள்ள தட்டுத் தண்ணீரை மறக்காமல் கொட்டுங்கள். பாதி வழியில் அது சிந்தினால் ஆளே வழுக்குவார்.

கேட்டவர்:
நன்றி. பலகைக்கு ஏற்பாடு செய்கிறேன். கிரைண்டருக்கு?

பதில் 3:
கிரைண்டரை இழுக்கவே கூடாது. அடி ரப்பர் தேய்ந்திருந்தால் உள்ளே இருக்கும் திருகு தரையைக் கிழிக்கும். முதலில் குழவிக்கல்லை எடுங்கள், அடுத்து, உங்கள் மாடலில் கழற்ற வருமானால் பாத்திரம், கடைசியாக அடிப்பாகம். கழன்று வருவதையெல்லாம் தனித்தனியாகத் தூக்கலாம். கல்லை வெறும் தரையில் இறக்காதீர்கள், விளிம்பு பட்டால் ஆக்சைடு சில்லாகப் பெயரும். கோணிச்சாக்கின்மேல் வையுங்கள்.

ரப்பர் கறுப்புத் தடம் பட்டால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள், சிமென்ட்டை அரித்து அந்த இடத்தை வெளுக்க வைத்துவிடும்.

ஃபிரிட்ஜைப் புது இடத்தில் நிறுத்திய பிறகு முன்கால்களைத் திருகி, முன்பக்கம் லேசாக உயர்ந்திருக்கும்படி வையுங்கள், கதவு தானே மூடும். சாய்த்துக் கொண்டுவந்ததால் உடனே சுவிட்ச் போடாமல் சில மணி நேரம் நிற்கவிடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் திரும்ப அடியில் இறங்க வேண்டும்.