ரோட் பைக்: ஃபிரேம் விரிசல் விட்டபின் எந்த உலோகத்துக்கு மாறினீர்கள்? ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை)?

என் ரோட் பைக்கின் அலுமினிய ஃபிரேமில், வலது செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) பாட்டம் பிராக்கெட்டோடு (பெடல் அச்சு சுழலும் இடம்) சேரும் வெல்டிங் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது. பெயின்ட் கீறல் என்றால் நகத்தால் தடவினால் தெரிந்துவிடும். இது உலோகத்துக்குள் இறங்கியிருந்தது. மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வேறு.

பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். 6061 ரக அலுமினியத்துக்கு வலிமை வருவதே வெல்டிங்குக்குப் பிறகு செய்யும் சூட்டுப் பதப்படுத்தலில்தான். முழு ஃபிரேமையும் சூளையில் வைத்து, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஒட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே இளகி நிற்கும். ஸ்டீலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, புது ஃபிரேம் என்று இறங்கினால் உலோகத்துக்கு முன்னால் அளவுகள் வந்து நிற்கின்றன. என்னிடம் இருப்பவை ரிம் பிரேக், பின்சக்கர இடைவெளி 130 மி.மீ. கடையில் இப்போது வருவதில் பெரும்பாலானவை டிஸ்க் பிரேக், 142 மி.மீ. த்ரூ ஆக்சில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவித் திருகும் தடித்த அச்சு). அதற்குப் போனால் சக்கரம், பிரேக், லீவர் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். என்னுடைய பாகங்கள் அத்தனையும் ஏறுகிற ஃபிரேம் 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீலில்தான் கிடைத்தது. 68 மி.மீ. மரை போட்ட பாட்டம் பிராக்கெட், 27.2 மி.மீ. சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்). அதையே வாங்கினேன்.

பழையதைவிட 600 கிராம் கூட. ஆளும் வண்டியும் சேர்ந்து 84 கிலோ வரும் எனக்கு இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஏற்காடு மாதிரி ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் பிந்தலாம், அவ்வளவுதான். பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிதாக இருக்கலாம், எனக்கு இல்லை. ஓட்டம் மெத்தென்று இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு, 25 மி.மீ. டயரிலிருந்து 28-க்கு மாறிக் காற்றையும் குறைத்ததால் வந்தது என்றே நினைக்கிறேன். முக்கோணமாகக் கட்டிய ஃபிரேம் மேலும் கீழுமாக அமுங்குவது மிகக் குறைவு. டயர்தான் அமுங்கும்.

ஃபோர்க் இன்னும் முடிவாகவில்லை. ஃபிரேமோடு வந்த ஸ்டீல் ஃபோர்க் ஏறக்குறைய ஒரு கிலோ. கார்பன் என்றால் 400 கிராமில் முடிந்துவிடும். மாற்றியவர்கள் சொல்லுங்கள்.

*

ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஓட்டுகிறவன் நான். ஸ்டீல் எடுத்தது நல்ல முடிவு. ஆனால் கடற்கரை ஊர் என்றால் உள்பக்கத்தைக் கவனியுங்கள் நண்பரே. என் ஃபிரேம் வெளியே பளபளவென்று இருந்தது. பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றியபோது துருப்பொடி கொட்டியது. மழைத்தண்ணீர் சீட் போஸ்ட் வழியாக இறங்கி அடியில் தேங்குகிறது. இப்போது மழைக்காலம் முடிந்ததும் கழற்றிக் காயவைத்து, குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் விட்டுச் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிடுகிறேன். அது உள்ளே ஒரு தோல் போலப் படிந்து காய்ந்துவிடும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அலுமினிய ஃபிரேமில் கார்பன் சீட் போஸ்ட் போட்டால், உப்பு வியர்வை சேர்ந்து இரண்டுக்கும் நடுவே அரிப்பு தொடங்கும். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதுதான் காரணம். எங்கள் குழுவில் ஒருவருக்குக் கடைசியில் போஸ்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. டைட்டானியத்துக்கு இந்தக் கவலையெல்லாம் மிகக் குறைவு, விலைதான் எட்டவில்லை.

*

கோவையிலிருந்து. ஃபோர்க் பற்றி மட்டும் சொல்கிறேன். ஃபிரேம் பெரும்பாலும் சத்தம் போட்டு, கோடு காட்டி, அப்புறம்தான் விடும். ஃபோர்க் அப்படி இல்லை. ஃபோர்க்கின் மேல்பகுதியான ஸ்டீரர் குழாய், ஃபிரேமின் முன்குழாயான ஹெட் டியூபுக்குள் ஒளிந்திருக்கிறது, உடைந்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும். 2006 பாரிஸ்-ரூபே பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கப்பிக்கு நடந்தது இதுதான். அலுமினிய ஸ்டீரர் உடைந்து, ஓட்டத்திலேயே கீழே விழுந்து தோளில் அடிபட்டார். அதனால் ஃபோர்க்கை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். கார்பன் ஃபோர்க் முன்பு எதில் மோதியது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

புதிதாகக் கார்பன் போட்டேன், மூன்று விஷயம் கவனித்தேன். ஸ்டீரருக்குள் ஸ்டார் நட் (உலோகக் குழாய்க்குள் அடித்து இறக்கும் பல் வைத்த நட்) அடிக்கக் கூடாது, விரிந்து பிடிக்கும் பிளக்தான். ஸ்டெம் (கைப்பிடியை ஸ்டீரரோடு இணைக்கும் பாகம்) போல்ட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், ஸ்டெம்மிலும் ஃபோர்க் கையேட்டிலும் போட்டிருக்கும் அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டாமல் இறுக்க வேண்டும்; என்னுடையது 5 நியூட்டன் மீட்டர். அப்புறம் நீளம்: சக்கர அச்சிலிருந்து கிரௌன் (ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் இடம்) வரையிலான அளவு 10 மி.மீ. மாறினால் ஹெட் டியூப் சாய்வு அரை டிகிரிக்கு மேல் மாறும். வண்டி திரும்பும் விதமே வேறாகிவிடும். ஸ்டீல் ஃபோர்க்கை அளந்து, அதோடு ஒத்துப்போகிறதைத்தான் வாங்க வேண்டும்.

*

பதிவு போட்டவன்தான். அளந்துவிட்டேன். அச்சிலிருந்து கிரௌன் வரை 383 மி.மீ. வருகிறது. கிடைக்கிற கார்பன் ஃபோர்க் 370. ஸ்டீல் ஃபோர்க்கையே வைத்துக்கொள்கிறேன். ஆளிவிதை எண்ணெய் வாங்கியாயிற்று.